கோல்ஃப் மைதானம், கிளப், அணிப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ஃப் அணிப் போட்டியான ரைடர் கப் நடக்கும் வாரத்தில் என் போன் ஓயாது. புதிதாக கோல்ஃப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத்தில் கூட இருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். எப்படி அடிப்பது என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தரை ஏன் அப்படி இருக்கிறது, இந்த கிளப்புகள் (மட்டையைச் சொல்லவில்லை, ஆடுபவர்களின் சங்கங்கள்) எங்கிருந்து வந்தன, தனியாளாக ஆடும் ஆட்டத்தில் அணி எப்படி நுழைந்தது என்றுதான் கேட்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே நூலில் கோத்தவை என்பது என் எண்ணம், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பந்து விழும் ஓட்டைக்கும் ஹோல் என்று பெயர், முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து அந்த ஓட்டை வரையுள்ள முழுப் பாதைக்கும் ஹோல் என்றே பெயர். இங்கே ஓட்டையைக் 'குழி' என்றும் பாதையை 'ஹோல்' என்றும் எழுதுகிறேன்.

மைதானத்துக்கு எதுக்குங்க தனியா ஒரு வடிவமைப்பாளர்? புல்லை வெட்டி 18 குழி தோண்டினா போதாதா?

முதல் சில நூற்றாண்டுகள் அப்படித்தான் ஓடின. ஸ்காட்லாந்தின் பழைய மைதானங்களை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. காற்று, மணல், ஆடு, முயல் எல்லாம் சேர்ந்து செதுக்கிய தரையில் மக்கள் போய் ஆடினார்கள், நடந்து நடந்து பாதை உண்டானது.

ஆட்டம் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல். களிமண் நிலம், மரங்கள், சமதளம். அங்கே சுவாரசியம் தானாக வராது, ஒருவர் யோசித்துத்தான் கொண்டுவர வேண்டும். எந்த மேட்டில் டீ வைப்பது, எந்தச் சரிவில் பந்து உருளும், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், ஒரு ஹோலை முடித்தவர் அடுத்த டீக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த யோசனையில் வரும். இந்தக் கடைசி விஷயம், அதாவது நிலத்தின் மேல் 18 ஹோல்களையும் கோத்து எடுக்கும் வழித்தடம்தான் வேலையிலேயே கடினமானது. பங்கரை, அதாவது மணல் பள்ளத்தை, நாளைக்கு மூடிவிடலாம், வழித்தடம் தப்பினால் மைதானம் முழுக்கத் தப்பு.

ஏன் 18? பத்தோ இருபதோ வெச்சிருக்கலாமே?

காரணம் ஒரே ஒரு ஊர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் முதலில் போகும்போது 11, வரும்போது அதே குழிகளில் 11, மொத்தம் 22 ஆடினார்கள். முதல் நான்கு ஹோல்கள் ரொம்பக் குட்டை என்று 1764இல் அவற்றை இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போது இரண்டு குறைந்தது, வரும்போது இரண்டு குறைந்தது, 18 ஆனது. பிற்காலத்தில் அந்த ஊர் கிளப்பின் சொல்லுக்கு மதிப்பு கூடக் கூட மற்றவர்களும் 18க்கு வந்து சேர்ந்தார்கள்.

அதுவரை ஆளுக்கொரு கணக்கு. எடின்பரோ அருகே லீத்தில் ஐந்து ஹோல், பிரெஸ்ட்விக்கில் 12 ஹோல். 1860இல் நடந்த முதல் பிரிட்டிஷ் ஓப்பன் சாம்பியன்ஷிப் பிரெஸ்ட்விக்கில்தான், அந்த 12 ஹோலை ஒரே நாளில் மூன்று சுற்று ஆடினார்கள். எட்டே பேர் கலந்துகொண்டார்கள், வில்லி பார்க் மொத்தம் 174 முறை மட்டும் பந்தை அடித்து வென்றார்.

லிங்க்ஸ், லிங்க்ஸ்னு சொல்றாங்களே, எல்லா கோல்ஃப் மைதானமும் லிங்க்ஸ்தானே?

இல்லை. கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டுத் தரைக்குத்தான் லிங்க்ஸ் என்று பெயர். பயிர் செய்ய உதவாத நிலம், அதனால்தான் ஆட்டத்துக்குக் கிடைத்தது. மழைநீர் சட்டென்று இறங்கிவிடும், புல் குட்டையாகவும் தரை கெட்டியாகவும் இருக்கும், பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் உருளும். காற்று தணியாத இடம் என்பதால் தாழ்வாக அடித்து உருட்டிவிடுபவருக்கே அங்கே காலம்.

பங்கரின் பிறப்பும் இங்கேதான் என்பார்கள். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் மேட்டோரம் படுத்துப் படுத்துப் புல் தேய்ந்து மணல் வெளியே வந்தது. அந்தப் பள்ளங்களைத்தான் உள்நாட்டு மைதானங்களில் மண்வெட்டி வைத்துத் தோண்டுகிறார்கள்.

ஃபேர்வே நடுவிலேயே பங்கரை வெக்கறாங்க. நேரா அடிச்சவனுக்குத் தண்டனையா? அநியாயம் இல்லையா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். ஃபேர்வே என்றால் டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல்லை ஒட்ட வெட்டிய பாதை, கிரீன் என்றால் குழியைச் சுற்றி இன்னும் ஒட்ட வெட்டிய திட்டு. மைதான வடிவமைப்பில் இரண்டு பெரிய போக்குகள் உண்டு. ஒன்று தண்டிக்கும் போக்கு: தப்பாக அடித்தால் பள்ளம், தண்ணீர், காடு, அவ்வளவுதான். இன்னொன்று தேர்வு கொடுக்கும் போக்கு: பல வழி திறந்திருக்கும், ஆனால் எல்லா வழிக்கும் விலை ஒன்றல்ல. நடுவில் இருக்கும் பங்கர் இரண்டாவது வகை. அது உங்களை இடமா வலமா, தாண்டுவதா முன்னால் நிறுத்துவதா என்று கேட்கிறது. ஆபத்துக்குப் பக்கத்தில் பந்தை வைத்தவருக்கு அடுத்த அடி சுலபமாகும், விலகிப் போனவருக்கு அடுத்த அடியில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸின் 17ஆம் ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள், ரோட் ஹோல் என்பது பெயர். டீயில் நின்றால் வலப்பக்கம் பழைய ரயில்வே கொட்டகையின் வடிவில் ஒரு கட்டடம், அதன் மேலாகக் கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேயை நோக்கி அடிக்க வேண்டும். வலது ஓரம் மைதான எல்லை. பயந்து இடப்பக்கம் அடித்தால் பந்து பத்திரமாக இருக்கும், ஆனால் அங்கிருந்து பார்த்தால் கிரீன் குறுக்கே படுத்திருக்கும் ஒல்லியான திட்டு. முன்னால் ஆள் உயரத்துக்கு ஆழமான ஒரு சின்ன பங்கர், பின்னால் சாலை, அதற்கும் பின்னால் கல் சுவர். வலப்பக்கம் துணிந்தவருக்கு அதே கிரீன் நீளவாக்கில் திறந்துகொடுக்கும். முதல் அடியில் காட்டிய துணிச்சலுக்கு இரண்டாம் அடியில் கூலி. இதை யாரும் வரைபடத்தில் போட்டு உண்டாக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இன்னொன்று: ஓல்ட் கோர்ஸில் சில பங்கர்கள் டீயிலிருந்து தெரியவே தெரியாது. ஒரு காலத்தில் அந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள், அந்தப் பக்கமிருந்து வந்தால் அவை கண்ணெதிரே நிற்கும்.

அப்போ கஷ்டமான மைதானம்தான் நல்ல மைதானமா?

இந்த எண்ணத்தை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. கஷ்டம் உண்டாக்குவது சுலபம். ஃபேர்வேயைக் குறுக்கி, அதற்கு வெளியே வளரும் ரஃப் என்ற புல்லை முழங்கால் வரை வளர்த்து, இரு பக்கமும் பங்கர் போட்டால் யார் வேண்டுமானாலும் திணறுவார்கள். 1951 அமெரிக்க ஓப்பனுக்காக வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானத்தை அப்படித்தான் இறுக்கினார். வென்ற பென் ஹோகனே அதை ஓர் அரக்கன் என்று சொன்னார்.

புதிதாக ஆடுபவர் ஒரு பந்தோடு சுற்றை முடித்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகவேண்டும், அதே ஹோலில் உலக சாம்பியன் நின்று தலையைச் சொறியவேண்டும். என்னைப் பொறுத்தவரை இது நடக்கும் மைதானம்தான் நல்ல மைதானம். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானம் திறந்தபோது அதில் 30க்கும் குறைவான பங்கர்களே இருந்தன, ஃபேர்வேக்கள் அகலம், ரஃப் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கல் முழுவதும் கிரீனின் சரிவில்.

அகஸ்டாவை வரைஞ்சவர் ஒரு டாக்டராமே? டாக்டருக்கு மைதானத்துல என்ன வேலை?

ஆலிஸ்டர் மெக்கென்சி. மருத்துவம் படித்தவர், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பணியாற்றியவர். போயர்கள் பதுங்கு குழிகளை நிலத்தின் இயல்பான மேடுபள்ளம் போலவே அமைத்து ஏமாற்றியதை அங்கே உன்னிப்பாகக் கவனித்தார். முதல் உலகப் போரில் உருமறைப்புக் கலையைக் கற்றுக்கொடுக்கும் வேலையும் பார்த்தார். அதே வித்தையை மைதானத்துக்குக் கொண்டுவந்தார்: மனிதன் கை வைத்த இடமே தெரியக்கூடாது, செயற்கை மேடு இயற்கை மேடு போலத் தோன்ற வேண்டும், தூரத்தில் இருக்கும் பங்கர் கிரீனை ஒட்டி இருப்பதுபோல் கண்ணை ஏய்க்க வேண்டும்.

1914இல் ஒரு பத்திரிகை நடத்திய ஹோல் வரையும் போட்டியில் முதல் பரிசு வாங்கியது அவருக்குப் பெரிய திருப்பம். பிறகு ராயல் மெல்போர்ன், சைப்ரஸ் பாயின்ட் மைதானங்கள், கடைசியில் புகழ்பெற்ற வீரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டா. அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி முதலில் 1934 மார்ச்சில் நடந்தது, அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துபோனார். தான் வரைந்த தரையில் அந்தப் போட்டியை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

'ரீடான்'ங்கற பெயர் நிறைய மைதானத்துல வருதே. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சதா?

ஆமாம், வெளிப்படையாகவே. ரீடான் என்பது ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கில் உள்ள ஒரு பார்-3 ஹோல், அதாவது ஓர் அடியிலேயே கிரீனைத் தொட வேண்டிய ஹோல். கிரிமியப் போரில் ரஷ்யர்கள் காத்த ஓர் அரணின் பெயர் அது. கிரீன் நேராக இருக்காது, வலப்பக்க முன்முனையிலிருந்து இடப்பக்கப் பின்முனைக்குச் சாய்ந்து கிடக்கும், இடப்பக்க முன்னால் ஆழமான பங்கர் காவல். குழியை நேராகக் குறிவைத்தால் பங்கரைத் தாண்ட வேண்டும், தாண்டினாலும் பந்து நிற்காமல் பின்னால் ஓடும். தெரிந்தவர்கள் குழியைப் பார்க்கவே மாட்டார்கள். வலப்பக்க மேட்டில் இறக்கினால் சரிவே பந்தை உருட்டிக்கொண்டுபோய்க் குழியருகே விடும். பந்து மெதுவாகத் திரும்பி இறங்கும் அந்த ஏழெட்டு விநாடிகளைப் பார்ப்பதற்கென்றே எவ்வளவு தூரமும் நடக்கலாம்.

அமெரிக்காவின் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் இளமையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தவர். பிரிட்டனின் சிறந்த ஹோல்கள் ஏன் சிறந்தவை என்று அளந்து குறித்துக்கொண்டு போய், லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற மைதானத்தை அமைத்தார். ரீடான், ஆல்ப்ஸ், ரோட் என்று எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அச்செடுத்த மாதிரி இல்லை. ராகம் அதே, பாடகர் வேறு என்பதுபோல் அந்த மண்ணுக்கு ஏற்றபடி மாறியிருக்கும், எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை.

இவ்ளோ மழை பெஞ்சும் கிரீன்ல தண்ணி நிக்கலையே, அடியில என்ன இருக்கு?

நீங்கள் டிவியில் பார்க்கும் நவீன கிரீன்களில் பெரும்பாலானவை, மேலே புல் போட்ட பெரிய வடிகட்டி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, அடியில் வடிகால் குழாய், அதன்மேல் 10 செ.மீ. சரளை, அதன்மேல் 30 செ.மீ. மணல் கலவை. தேவையான ஈரத்தை மணல் பிடித்துக்கொள்ளும், மிச்சம் கீழே இறங்கிவிடும். லிங்க்ஸ் நிலம் இயற்கையாகச் செய்வதைத்தான் இது காசு போட்டுச் செய்கிறது.

கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுத் தகடு உண்டு, அதிலிருந்து விட்ட பந்து எத்தனை அடி தூரம் உருள்கிறது என்பதே கணக்கு. அந்தக் காலத்தில் புல்லை இவ்வளவு ஒட்ட வெட்ட முடியாது, பந்து மெதுவாகத்தான் ஓடும், அதனால் வடிவமைப்பாளர்கள் தைரியமாகப் பெரிய சரிவு வைத்தார்கள். இன்றைய வேகத்தில் அதே சரிவில் பந்து நிற்காது. கடைசியில் சரிவைத்தான் வெட்டித் தட்டையாக்குகிறார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சரிவைக் காப்பாற்றலாமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இவ்வளவு பச்சையா வெச்சிருக்கத் தண்ணிய வாரி இறைக்கணுமே?

இறைக்கத்தான் செய்தார்கள், பல இடங்களில் இன்னும் செய்கிறார்கள். ஆனால் பச்சையாக இருந்தால்தான் கோல்ஃப் என்பது டிவி உண்டாக்கிய பழக்கம். டொனால்ட் ராஸ் உருவாக்கிய பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தை 2010-11இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் புதுப்பித்தபோது 35 ஏக்கருக்கும் மேல் புல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, பழையபடி மணலும் காட்டுப் புல்லும் விட்டார்கள். தண்ணீர் தெளிப்பான்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. 2014இல் அங்கே ஆண்கள், பெண்கள் இருவருக்குமான அமெரிக்க ஓப்பனும் அடுத்தடுத்த வாரம் நடந்தன. பழுப்பு நிறத் தரையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த நிறம் அழகாகவே இருந்தது.

உலகத்துலேயே பழைய கிளப் எது?

எழுத்தில் கிடைக்கும் ஆதாரப்படி எடின்பரோ கோல்ஃபர்களின் ஆனரபிள் கம்பெனி. 1744இல் லீத்தில் வெள்ளி கோல்ஃப் மட்டை ஒன்றைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தி, அதற்காக 13 விதிகளை எழுதினார்கள், நமக்குக் கிடைத்த முதல் கோல்ஃப் விதிகள் அவையே. அவர்கள் 1836இல் மஸ்ஸல்பரோவுக்கும் 1891இல் மியூர்ஃபீல்டுக்கும் இடம் மாறினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1754இல் தொடங்கியது, 1834இல் அரசர் நான்காம் வில்லியம் 'ராயல்' பட்டம் கொடுத்ததும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் ஆனது. பிரிட்டனுக்கு வெளியே பழையது 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா.

ஒன்றைக் கவனியுங்கள், அப்போது கிளப் என்றால் மைதானம் வைத்திருப்பவர்கள் என்று பொருள் இல்லை. பொதுத் தரையில் ஆடிவிட்டு ஒன்றாகச் சாப்பிட்டுப் பந்தயம் கட்டும் கூட்டம், அவ்வளவுதான்.

அப்போ ஓல்ட் கோர்ஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்குச் சொந்தம் இல்லையா?

இல்லவே இல்லை. முதல் டீக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கம்பீரமான கட்டடம் மட்டும் கிளப்புடையது. தரை பொதுச் சொத்து, ஒரு அறக்கட்டளை நிர்வகிக்கிறது, பணம் கட்டி யாரும் ஆடலாம், ஊரில் பல கிளப்புகள் அதே தரையைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டி நாட்களைத் தவிர, அங்கே ஆட்டம் கிடையாது. தரைக்கு ஓய்வு. நான் போனது அப்படி ஒரு ஞாயிறு. 18ஆம் ஃபேர்வேயில் ஒரு பாட்டி நாயை நடத்திக்கொண்டு போனார், ஸ்வில்கன் ஓடையின் கல் பாலத்தில் குழந்தைகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், ரோட் ஹோல் பங்கருக்குள் ஒருவர் இறங்கி நின்றார், வெளியே தொப்பி மட்டும் தெரிந்தது. உலகத்தின் புகழ்பெற்ற மைதானம் ஊர்ப் பூங்காவாக இருந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது, மறைப்பானேன்.

பெண்களைச் சேர்க்காத கிளப் இருந்ததுன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை, அதுவும் மிகச் சமீபம் வரை. ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் 2014இல்தான் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது. மேலே சொன்ன ஆனரபிள் கம்பெனி 2016இல் நடத்திய வாக்கெடுப்பில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை, உடனே மியூர்ஃபீல்டில் இனி ஓப்பன் கிடையாது என்று ஓப்பனை நடத்துபவர்கள் அறிவித்தார்கள், மறு ஆண்டே கிளப் மீண்டும் வாக்கெடுத்து முடிவை மாற்றியது. இத்தனைக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென்று தனி கிளப் 1867லேயே இருந்தது. 150 ஆண்டு தாமதத்துக்கு மரபு என்று பெயர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

கோல்ஃப் தனி ஆள் ஆட்டம்தானே, அணி எங்கிருந்து வந்தது?

தலைகீழாகப் பார்க்கிறீர்கள். ஓர் ஆள் மொத்த அடிகளை எண்ணி 150 பேரோடு மோதுவதுதான் பிற்காலத்தது. பழைய கோல்ஃப் என்றால் நேருக்கு நேர், அதிலும் இருவருக்கு இருவர். பிற்பாடு அரசரான யார்க் கோமகன், 1680களில் இரண்டு ஆங்கிலப் பிரபுக்களை எதிர்த்து ஆட ஜான் பேட்டர்சன் என்ற செருப்புத் தைப்பவரைத் தன் ஜோடியாக்கி ஜெயித்தார் என்று லீத்தில் ஒரு கதை உண்டு. 1857இல் கிளப்புகள் செயின்ட் ஆண்ட்ரூஸில் கூடி ஜோடிப் போட்டி நடத்தின, லண்டனிலிருந்து வந்த பிளாக்ஹீத் கிளப் வென்றது. முதல் ஓப்பனுக்கு மூன்று ஆண்டு முன்பே கிளப் அணிப் போட்டி வந்துவிட்டது, பாருங்கள்.

நாடுகளுக்கிடையே என்று வந்தால், அமெச்சூர்களுக்கான வாக்கர் கப் 1922இல் மெக்டொனால்டின் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸிலேயே தொடங்கியது. செய்தி எழுத வந்த பெர்னார்ட் டார்வின், பிரிட்டன் கேப்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே களத்தில் இறக்கப்பட்டு, தன் ஒற்றையர் ஆட்டத்தில் வென்றும் விட்டார். பெண்களுக்கு 1932இல் கர்டிஸ் கப், தொழில்முறை வீராங்கனைகளுக்கு 1990இல் சோல்ஹைம் கப்.

ஃபோர்சம், ஃபோர்பால் ரெண்டும் ஒண்ணுதானே? '3 அண்ட் 2'ன்னா என்ன?

இரண்டிலும் நாலு பேர், ஒற்றுமை அதோடு சரி. ஃபோர்சமில் ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படை ஹோல்களில் ஒருவர் டீயில் தொடங்கினால் இரட்டைப்படையில் மற்றவர். நீங்கள் தப்பாக அடித்தால் அந்தப் புதரிலிருந்து எடுப்பது உங்கள் கூட்டாளி, அந்தக் கூச்சமே பாதி அழுத்தம். ஃபோர்பாலில் நாலு பேருக்கும் தனித்தனிப் பந்து, ஜோடியில் யார் எண்ணிக்கை குறைவோ அதுவே கணக்கு.

எண்ணுவது ஹோல் ஹோலாக. ஒரு ஹோலில் பத்து அடி போனாலும் நஷ்டம் அந்த ஒரு ஹோல்தான். மூன்று ஹோல் முன்னிலை, ஆட இன்னும் இரண்டே மிச்சம் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, அதுதான் '3 அண்ட் 2'.

ரைடர் கப்ல மொத்தம் எத்தனை புள்ளி? சமன் ஆனா என்ன ஆகும்?

மொத்தம் 28 ஆட்டம்: முதல் இரண்டு நாளில் எட்டு ஃபோர்சம், எட்டு ஃபோர்பால், மூன்றாம் நாள் 12 ஒற்றையர். வென்றால் ஒன்று, சமனானால் ஆளுக்கு அரை. 14½ எடுத்தவருக்குக் கோப்பை, 14-14 என்றால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே தங்கும். 1989இல் அப்படித்தான் ஐரோப்பா தக்கவைத்தது. கடைசி நாளில் ஒருவரால் காயத்தால் ஆட முடியாவிட்டால், எதிரணி முன்பே உறையில் எழுதி மூடிவைத்த பெயர்க்காரர் விலகுவார், அந்த ஆட்டத்துக்கு ஆளுக்கு அரைப் புள்ளி. 2025இல் ஐரோப்பாவின் ஹோவ்லண்டுக்குக் கழுத்து வலி வந்தபோது இந்த விதிதான் வந்தது.

தொடக்கம் 1927, அமெரிக்காவின் வொர்செஸ்டர் கிளப்பில். கோப்பை கொடுத்த சாமுவேல் ரைடர் விதை வியாபாரி. முதலில் எதிரணி பிரிட்டன் மட்டும், பிறகு அயர்லாந்தும். அமெரிக்காவே வென்றுகொண்டிருந்ததால் 1979 முதல் ஐரோப்பாக் கண்டம் முழுவதையும் சேர்த்தார்கள், அதற்குப் பிறகுதான் இது நாம் இன்று நகம் கடித்துப் பார்க்கும் போட்டியானது.

சொந்த மண்ணுல ஆடுற அணி மைதானத்தையே மாத்திக்குதாமே, அது ஏமாத்து இல்லையா?

விதிப்படி ஏமாற்று இல்லை. ஃபேர்வே அகலம், ரஃப் உயரம், கிரீன் வேகம் இவற்றில் சொந்த மண் கேப்டனுக்குப் பேச்சு உண்டு. 2018இல் பாரிஸ் அருகே லெ கோல்ஃப் நேஷனலில் ஃபேர்வேயைக் குறுக்கி ரஃப்பை அடர்த்தியாக விட்டார்கள். ஓங்கி அடிக்கும் அமெரிக்கர்கள் ரஃப்பில் மாட்டினார்கள், ஐரோப்பா 17½-10½. 2016இல் ஹேசல்டீனில் அமெரிக்கா ரஃப்பை ஒட்ட வெட்டித் தனக்குச் சாதகமாக்கி 17-11 என வென்றிருந்தது.

ஆனால் இது எப்போதும் பலிக்காது. 2025இல் பெத்பேஜ் மைதானத்தில் ரஃப்பைக் குறைத்து, மழையும் சேர்ந்து கிரீன்கள் மெத்தென்று ஆக, ஐரோப்பியர்கள் அதில் அமெரிக்கர்களைவிட நன்றாக ஆடி 15-13 என வென்றார்கள். மைதானத் தயாரிப்பில் தவறு செய்துவிட்டேன் என்று அமெரிக்க கேப்டன் கீகன் பிராட்லி ஒப்புக்கொண்டார். கஷ்டம் உண்டாக்குவது சுலபம் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: இரண்டு வாரம் புல்லை வளர்த்தோ வெட்டியோ மாற்றக்கூடியது மேல்தோல்தான், வழித்தடமும் சரிவும் அப்படியே நிற்கும்.

நேருக்கு நேர் ஆட்டத்துக்குன்னு தனியா ஒரு நல்ல ஹோல் உண்டா?

உண்டு, அங்கேதான் வடிவமைப்பும் அணிப் போட்டியும் கை கோக்கும். ஒரே அடியில் கிரீனை எட்டிவிடலாம், ஆனால் தவறினால் தண்ணீர் என்று மனதைக் கிளறும் குட்டையான பார்-4 (வழக்கமாக இரண்டு அடியில் கிரீனை எட்டும்) ஹோல்கள். இங்கிலாந்தின் பெல்ஃப்ரியில் 10ஆம் ஹோல் அப்படி. மொத்த அடி எண்ணும் போட்டியில் ஒருவர் அங்கே அடக்கி வாசிப்பார். நேருக்கு நேரில் எதிராளி தண்ணீரில் விட்டால் நீங்கள் பத்திரமாக ஆடலாம், அவர் கிரீனில் வைத்துவிட்டால் நீங்களும் துணிந்தே ஆக வேண்டும். ஹோல் அதேதான், எதிராளியின் பந்து கிடக்கும் இடம் கேள்வியை மாற்றிவிடுகிறது. ரோட் ஹோலும் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஏற்றது. பழைய மைதானங்கள் நேருக்கு நேர் ஆடிய காலத்தில் உருவானவை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

எதிராளி பட் அடிக்காமலே 'விட்டுட்டேன்'னு சொல்றாங்களே, முக்கியமான போட்டியில அப்படி விடலாமா?

பட் என்பது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி, அதை அடிக்காமலே உள்ளே போட்டதாக எதிராளி ஒப்புக்கொள்வதுதான் விட்டுக்கொடுப்பது. விடலாம், விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் விட்டதாக நீங்களே நினைத்துக்கொள்ளக் கூடாது. 2015 சோல்ஹைம் கப்பில் அமெரிக்காவின் அலிசன் லீ மிகச் சிறிய ஒரு பட்டை விட்டுவிட்டார்கள் என்று எண்ணிப் பந்தை எடுத்தார். விடவில்லை என்றார் எதிரே ஐரோப்பாவுக்கு ஆடிய சூசன் பெட்டர்சன், ஹோல் பறிபோனது. விதி அவர் பக்கம்தான், ஆனாலும் மறுநாள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கொதித்துப்போன அமெரிக்க அணி 10-6 பின்னடைவிலிருந்து எழுந்து கோப்பையை எடுத்தது. நான்கு ஆண்டு கழித்து கிளென்ஈகிள்ஸில் கடைசி பட்டைப் போட்டு ஐரோப்பாவை வெல்லவைத்தவர் அதே பெட்டர்சன். போட்ட கையோடு ஓய்வையும் அறிவித்தார்.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 1969 ரைடர் கப், ராயல் பர்க்டேல். கடைசி ஆட்டம், கடைசி கிரீன், இரு அணியும் சமம். அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பட்டைப் போட்டுவிட்டார். பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்குச் சின்ன பட் ஒன்று மிச்சம், தவறினால் பிரிட்டன் தோற்கும். நிக்லஸ் குனிந்து ஜாக்லினின் பந்தை அடையாளப்படுத்தியிருந்த காசை எடுத்து நீட்டினார். நீங்கள் தவறவிட்டிருக்க மாட்டீர்கள், ஆனாலும் அந்த வாய்ப்பை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார். போட்டி 16-16 (அப்போது மொத்தம் 32 ஆட்டம்), வரலாற்றிலேயே முதல் சமன், கோப்பை அமெரிக்காவிடமே இருந்தது. அப்படியும் அமெரிக்க கேப்டன் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை.

பிற்காலத்தில் நிக்லஸ் பெரிய மைதான வடிவமைப்பாளர் ஆனார். 2006இல் ஃப்ளோரிடாவில் ஜாக்லினோடு சேர்ந்து ஒரு மைதானம் அமைத்தார். அந்த கிளப்பின் பெயர் 'தி கன்செஷன்', அதாவது விட்டுக்கொடுத்தல், அந்தக் கடைசி கிரீனில் விட்டுக்கொடுத்த அந்த ஒரு பட்டின் பெயர்.